வத்சலாவின் லுசாக்கா நிழல்

1969 செப்டம்பரிலிருந்து மறு மார்ச் வரை, ஜெர்மனியில் கீஸன் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த வத்சலாவின் நிழல் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவில் இருக்கும் லுசாக்கா வெயிலுக்கு விழுந்துகொண்டிருந்தது. நடுப்பகலில் ஊரார் நிழலெல்லாம் வடக்கே விழ, அவளுடையது மட்டும் தெற்கே, சூரியனைப் பார்க்கப் படுத்திருக்கும். கும்பகோணத்துப் பெண், பயிர் விஞ்ஞானம் படிக்க வந்தவள். ஆய்வுக்கூடத்தில் கேழ்வரகைத் தொட்டியில் நட்டு, விளக்கு வெளிச்சம் காட்டி வளர்த்தார்கள். அதுவோ நோஞ்சானாக நின்று எல்லோர் உயிரையும் வாங்கியது. அப்போதுதான் ஜாம்பியாவில், லுசாக்காவின் புதிய பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படிக்க ஓர் இடம் இருப்பதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அங்கே கேழ்வரகு கண்ணுக்கெட்டிய தூரம் வயலில் நிற்கிறதாம். அந்தத் தாளை அவள் நின்ற இடத்திலேயே மூன்று தரம் படித்தாள். வெளியே வந்தபோது நிழல் திசை மாறியிருந்தது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கீஸன்காரர்களுக்கு அவரவர் வேலையே தலைக்குமேல் கிடந்தது. நவம்பரில் லுசாக்காவில் மழை பிடித்துக்கொண்டதும் சில நாள் நிழலே இராது. வீட்டுக்காரி கிரேமர் அம்மாள் அவள் காலடியைப் பார்த்து, அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு ரொட்டி வாங்கப் போவார். அங்கே மழை விட்ட நாட்களில், சூரியனே தலைகாட்டாத கீஸன் தெருவில், பனிமேல் கருகருவென்று விழுந்த ஒரே நிழல் அவளுடையதுதான். தெருப் பிள்ளைகள் அதற்குள் குதித்து விளையாடினார்கள். வத்சலாவுக்கும் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடும்போதுகூட ஜாம்பியா வரைபடம் பக்கத்தில் இருந்தது.

இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அப்பா, சேஷாத்ரி வண்டியேற்றிவிட்டால் போகலாம் என்று எழுதிவிட்டார். சேஷாத்ரி அவளுடைய பெரியப்பா பிள்ளை, கீஸனிலேயே ஒளியியல் ஆராய்ச்சி செய்பவன். அவள் நிழலை டேப் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, லுசாக்காவுக்கு இம்மி பிசகவில்லை என்று சொன்னவனும் அவன்தான். மகா கெட்டிக்காரன், ஆனால் ராகுகாலத்தில் தபால்கூடப் போடமாட்டான். ஊர் விட்டு ஊர் வந்தால் பஞ்சாங்கமும் மாறாதா என்று கேலி செய்தவர்களிடம், சூரியன் எங்கேயோ ராகுகாலமும் அங்கேதான் என்று அடித்துச் சொல்வான்.

கடைசியில் மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விசா பதிந்த பாஸ்போர்ட் பிற்பகல் மூன்று மணிக்குத் தபாலில் வந்தது. அன்றிரவே பிராங்க்பர்ட்டில் விமானம். அதை விட்டால் அடுத்த வாரம்தான். அதற்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடிந்து, இடம் வேறு யாருக்கோ போய்விடும். மூன்றே முக்கால் ரயில் பிளாட்பாரத்தில் நின்றது. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். சேஷாத்ரி அவள் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டான். சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஒரே பிடியாகப் பிடித்தான். வத்சலா பெட்டியை இழுத்துப் பார்த்தாள். கார்டு கதவுகளைச் சாத்திக்கொண்டே வந்தான்.

"அண்ணா, சூரியன் எங்கேயோ ராகுகாலமும் அங்கதான்னு நீங்கதானே சொன்னேள்? கீழ பாருங்கோ," என்றாள்.

வானம் ஒரே மூட்டம். பிளாட்பாரத்தில் யாருக்கும் நிழல் இல்லை. அவள் நிழல் மட்டும் சாயங்கால நிழலாகக் கிழக்கே நீண்டு கிடந்தது. சேஷாத்ரி குனிந்து பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், விரல்விட்டு எண்ணினான்.

"லுசாக்கா ஒரு மணி முன்னால. உன் நிழலுக்கு நாலே முக்கால் ஆறதுடி," என்றான். "கரெக்ட். ராகுகாலம் போயாச்சு. ஏறு, ஏறு!"

பெட்டியை அவனே தூக்கி உள்ளே தள்ளினான். ரயில் நகர்ந்த பிறகும் கூடவே ஓடி, தினம் தலை நனைக்காதே, சளி பிடிக்கும் என்று கத்தினான்.

மறுநாள் லுசாக்காவில் விமானப் படிக்கட்டில் இறங்கியபோது, மற்றவர்கள் நிழல் விழுந்த பக்கமே அவள் நிழலும் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வத்சலாவுக்குச் சந்தோஷம் தாங்காமல் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அழைத்துப்போக வந்திருந்த மாணவி என்ன சிரிப்பு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு, வத்சலா அவளோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.