தாண்டிப் படித்த இடங்கள்

சஃபியா பதினோரு வருடமாகக் கதை எழுதுகிறாள் என்பது பட்டுக்கோட்டையில் அவள் தெருவில் யாருக்கும் தெரியாது. எழுதுவது இணையத்தில், ‘பரிதி’ என்ற பெயரில். வாரம் ஒரு அத்தியாயம், வியாழக்கிழமை காலையில். மகள் ஹஃப்ஸா கல்லூரியில் படிக்கும்போது அம்மாவின் நோட்டுகளைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, அந்தத் தளத்தில் பெயரைப் பதிந்து கொடுத்தாள். அப்புறம் ஹஃப்ஸா கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். கணவர் காதர் மைதீன் ஷார்ஜாவில் மளிகைக் கடை நடத்துகிறார். போய் இருபத்தொரு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வந்து இருப்பார். மனைவி போனில் ஏதோ டைப் அடிக்கிறாள் என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும். என்ன என்று கேட்டதில்லை.

சஃபியாவின் கதைகளில் கொலை கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே தபால் நிலையத்தில் ஸ்ரீவித்யா, கால்நடை மருத்துவமனையில் டாக்டர் சிவசங்கரன். ஊரில் ஏதாவது காணாமல் போகும். ஒரு வெண்கல மணி, ஒரு காளைக்கன்று, பெயர் போடாத ஒரு கடிதத்தின் இரண்டாம் பக்கம். இருவரும் சேர்ந்து தேடுவார்கள். தேடுகிற சாக்கில் கொஞ்சம் காதல். கடைசியில் தவறு செய்தவர் அழுவார், ஊர் மன்னிக்கும். இந்த மாதிரி ஆறு கதைகள் முடிந்து ஏழாவது போய்க்கொண்டிருந்தது.

வாசகிகள் நிறையப் பேர். இதயப் படம் போடுவார்கள், ‘சிவா சார் சூப்பர்’ என்று எழுதுவார்கள். ஆனால் சஃபியா காத்திருந்தது ஒருவருக்காகத்தான். பிரகதாம்பாள் என்ற பெயரில் வரும் பின்னூட்டம். அதில் இதயம் இருக்காது. ‘நாலாவது அத்தியாயத்தில் பூட்டு இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திறந்தவன் இடதுகைக்காரன். சாவடிக்காரர்தான்.’ இப்படி வரும். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதலில் சஃபியாவுக்குக் கோபம் வந்தது. பிறகு அது பழகி, பிறகு அதுவே வேலையாகிப் போனது. காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அவள் பிரகதாம்பாளை எப்படி ஏமாற்றுவது என்று யோசித்தாள். ஒரு வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு எதிரில் உட்கார்ந்து விளையாட ஓர் ஆள் கிடைத்த மாதிரி. இன்னொன்றும் செய்தாள். பிரகதாம்பாள் ஒரு தடவைகூடக் காதலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. சிவசங்கரன் மழையில் நனைந்தபடி தபால் நிலைய வாசலில் நின்ற அத்தியாயத்துக்கு மற்றவர்கள் எல்லாம் உருகினார்கள். பிரகதாம்பாளோ ரசீதில் இருந்த தேதியைப் பற்றி மட்டும் கேட்டார். இவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது போல என்று சஃபியா காதலைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருடமாக சிவசங்கரன் தபால்தலை வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்வதோடு சரி.

ஏழாவது கதையில் ஒரு கல்யாண வீட்டார் தபாலில் சேர்த்த முந்நூறு பத்திரிகைகள் காணாமல் போயிருந்தன. யாருக்கும் போய்ச் சேரவில்லை. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று நினைத்தவர் யார்? சஃபியா மனதில் வைத்திருந்தது அச்சகக்காரனை. அவன் அந்தக் கல்யாணப் பெண்ணை விரும்பியிருந்தான். பத்தொன்பதாவது அத்தியாயத்துக்குப் பிரகதாம்பாள் எழுதியது: ‘இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். இன்னும் இரண்டு வாரம் பார்க்கிறேன்.’

அதோடு நின்றுபோனது.

அடுத்த வியாழன் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும். மூன்று அத்தியாயங்கள் யாருக்கென்று தெரியாமல் எழுதிப் போட்டாள் சஃபியா. நாலாவது வாரம் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. ‘உடல்நிலை சரியில்லை, மன்னிக்கவும்’ என்று அறிவிப்புப் போட்டாள். நூறு பேர் நலம் விசாரித்தார்கள். அந்த நூறில் அந்தப் பெயர் இல்லை.

ஐந்தாவது வாரமும் அப்படியே கழிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நாலு வருடப் பின்னூட்டங்களையும் தேடிப் படித்தாள். கதையைப் பற்றிப் பேசுகிற சாக்கில் அந்த அம்மாள் அங்கங்கே ஏதோ சொல்லியிருந்தார். ‘கஜா புயலில் விழுந்த மரத்துக்குப் பதிலாக வைத்த கன்று இப்போதுதான் பாளை விடுகிறது.’ ‘கயிறு மில்லில் சங்கு ஊதிவிட்டது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.’ ‘பேராவூரணி பஸ் எங்கள் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும்.’ சஃபியா ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினாள். ஸ்ரீவித்யா இப்படித்தான் செய்வாள்.

திங்கள்கிழமை காலை பேராவூரணி பஸ் ஏறினாள். புது ஆறு என்று சொல்லும் கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. கடைமடை வரைக்கும் நடவு முடிந்து வயல் பச்சையாக நின்றது. அப்புறம் தென்னந்தோப்புகள் வந்தன. பஸ் நின்ற முதல் ரயில்வே கேட்டின் பக்கத்தில் கயிறு மில் இல்லை. இரண்டாவதில் இருந்தது. இறங்கிவிட்டாள்.

கேட்டின் அருகே டீக்கடையில் ஒரு பெண் வடை போட்டுக்கொண்டிருந்தாள். “பிரகதாம்பாள்னு ஒருத்தங்க… நிறையக் கதை படிப்பாங்க. வீடு எங்கன்னு தெரியுமா?” என்று கேட்டாள் சஃபியா.

“பிரகதாம்பாளா? அண்ணாதுரை சம்சாரமா இருந்தா அந்தப் பேருதான். ஆனா அவங்க எங்கேம்மா கதை படிக்கிறது? சர்க்கரையில கண்ணு போயி அஞ்சாறு வருசம் இருக்குமே.” அந்தப் பெண் கரண்டியால் வழி காட்டினாள். “தோப்பை ஒட்டிப் போங்க. பச்சை கேட்டு. அவரு இருப்பாரு.”

அந்த ‘அவரு இருப்பாரு’ சஃபியாவை உறுத்தியது. ஆனாலும் நடந்தாள்.

பச்சை கேட்டைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். பல நாள் மழிக்காத தாடி. புர்கா போட்ட ஒரு பெண் தனியாக வந்து நிற்பதைப் பார்த்து, “யாரு வேணும்மா?” என்றார். அவருக்குப் பின்னால் திண்ணைச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். கறுப்புக் கண்ணாடி போட்ட, சிரிக்கிற ஒரு பெண்.

சஃபியா படத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள், “நான்தாங்க பரிதி.”

அவர் கேட்டை முழுசாகத் திறந்து வழி விட்டார். “உள்ள வாங்க,” என்றார். “வாங்க, உக்காருங்க. முப்பத்தாறு நாள் ஆச்சும்மா. ஞாயித்துக்கிழமை காலையில. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் சஃபியாவுக்கு எல்லாம் புரிந்தது. வியாழக்கிழமைதோறும் தோப்பு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு அவர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுவார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில இடங்களைத் திரும்பப் படிக்கச் சொல்வாள். அப்புறம் முடிவைச் சொல்வாள். அதை அவர் ஒற்றை விரலால் டைப் அடித்துப் போடுவார்.

“பரிதின்னா ஆம்பளைன்னு நான் சொன்னேன். இல்ல, பொம்பளைதான்னு அடிச்சுச் சொன்னா. இன்னொண்ணும் சொன்னா…” அவர் தயங்கினார். “சொல்லலாமா தெரியல.”

“சொல்லுங்க.”

“இவங்க கதையில ஒரு ஆம்பளைகூட வீட்டுக்குள்ள உக்காந்து சாப்புடறதில்ல, கவனிச்சீங்களா, எல்லாரும் வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிடுறாங்க, இந்தப் பொண்ணு வீட்டுக்காரர் ஊர்ல இல்லைன்னு சொன்னா. அதையும் எழுதட்டுமான்னு கேட்டேன். வேணாம், வருத்தப்படுவாங்கன்னுட்டா.”

சஃபியா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் அவள் ஒருவரை ஏமாற்றத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் வீட்டுக்குள் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

“அவங்களுக்குக் காதல் பிடிக்காதோன்னு நினைச்சேன்,” என்றாள். “அதைப் பத்தி ஒண்ணுமே எழுத மாட்டாங்க.”

அண்ணாதுரை தலையைக் குனிந்துகொண்டார். “அது என் தப்பும்மா. அந்த எடம் வந்தா நான் தாண்டிருவேன். எழுவது வயசுல அதைப் போயி எப்படி வாய் விட்டுப் படிக்கிறது? ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேப்பா. ஒண்ணுமில்ல, டாக்டரு மாட்டுக்கு ஊசி போடறாருன்னு சொல்லுவேன். சிரிச்சுக்குவா. தெரியும் அவளுக்கு.”

சஃபியாவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

“நான் மனசுக்குள்ள படிச்சுக்குவேன்,” என்றார் அவர். “நல்லா இருக்கும். இப்ப ரெண்டு வருசமா டாக்டரு மாட்டுக்கு ஊசியே போடறதில்லையே, ஏம்மா?”

சஃபியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

கிளம்பும்போது கேட்டாள். “இந்தக் கதையில பத்திரிகையை எடுத்தது யாருன்னு ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னாளே. சனிக்கிழமை சாயங்காலம் படுத்துக்கிட்டே சொன்னா. பொண்ணோட அப்பன்தான்னா. பொண்ணும் போயிட்டா அந்த வீட்டுல அவனுக்கு யாரு இருக்கான்னா. எனக்குத்தான் நம்பிக்கை வரல. பெத்தவன் செய்வானா?” அவர் அவள் முகத்தையே பார்த்தார். “சரியா அது?”

அச்சகக்காரன் சஃபியாவின் நோட்டில் பதினாறு பக்கக் குறிப்புகளாகக் காத்திருந்தான். “சரிதாங்க,” என்றாள்.

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். தோப்பிலிருந்து நாலு இளநீர் வெட்டிப் பையில் போட்டு, ரயில்வே கேட் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

சொன்னது பொய். அதை உண்மையாக்க வேண்டுமே. அன்று மாலையே சஃபியா முதல் அத்தியாயத்திலிருந்து படித்தாள். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தகப்பன் எல்லா இடத்திலும் இருந்தான். பந்தல்காரனிடம் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டது அவன்தான். மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி வெளியே எடுத்ததும் அவன்தான். சும்மா கதைக்கு ஈரம் வேண்டுமே என்று எழுதியவை. அவள் எழுதியதை அவளைவிட நன்றாக ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மீதி மூன்று அத்தியாயங்களை ஒன்பது நாளில் எழுதினாள். தகப்பன் ஸ்ரீவித்யாவின் எதிரில் உட்கார்ந்து, கட்டுப் பிரிக்காத பத்திரிகைகளை மேசைமேல் வைக்கிற இடத்தில் அவளே அழுதாள். கடைசி அத்தியாயத்தில் சிவசங்கரன் பேசினான். இரண்டு வருடமாகப் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினான். மூன்றையும் சேர்த்து வியாழக்கிழமை காலை போட்டாள். மதியத்துக்குள் இருநூறு பேர் எழுதினார்கள். ‘அப்பாவா! நினைக்கவே இல்லை!’ என்றுதான் பாதிப் பேர். அவள் பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு வடித்தாள். வீடு அமைதியாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தில் காதர் மைதீன் வழக்கம்போலக் கூப்பிட்டார். சலாம் சொல்லி, மோட்டாரைப் பார்க்க ஆள் வந்தானா, ஹஃப்ஸா பேசினாளா என்று கேட்டார். சொல்லி முடித்ததும் சஃபியா கேட்டாள்.

“மச்சான், நான் எழுதின கதை ஒண்ணு இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?”

“கதையா? நீயா?”

“ஆமா.”

“இதுக்குத்தான் டைப் அடிப்பியா?” அவர் பக்கத்தில் ஏசி இரைவது கேட்டது. “சரி, படி. இன்னிக்கு லீவுதானே.”

நோட்டைத் திறந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். சிவசங்கரன் பேசுகிற இடம் வந்தபோது வாய் கூசியது. நிறுத்தாமல் படித்தாள். நடுவில் அவர் கேட்டார்.

“இந்த டாக்டரு யாரு?”

“கதைதாங்க. யாரும் இல்ல.”

“நம்மூர்ல அப்படி ஒரு டாக்டரு உண்டா?”

“இல்லங்க. நானா நினைச்சது.”

“நீயா நினைச்சதா,” என்றார் அவர். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடத்தில் அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. “நல்லாத்தான் இருக்கு. மேல படி,” என்றார்.

அவள் படித்தாள். ஒரு பக்கம் போயிருக்கும். மூச்சு சீராக, கனமாக வருவது கேட்டது. வாரம் முழுக்கக் கடையில் நின்றவர். “ஏங்க?” என்றாள் மெதுவாக. பதில் இல்லை.

அத்தியாயம் முடிய இன்னும் மூன்று பக்கம் இருந்தது. சஃபியா போனை நாற்காலியின் கைப்பிடியில் சாய்த்து வைத்தாள். அவர் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகுதான் இணைப்பைத் துண்டித்தாள்.