நாலாம் வண்டிக்குத் தரை

"அரை மணி நேர வேலை. நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, வண்டி பேசிக்கிட்டு இருக்கும்" என்று ரேடியோக்காரர் காலையில் சொன்னதைத் தீயணைப்பு நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

புது வண்டி வந்திருந்தது. பழைய நாலாம் வண்டி காயலான் கடைக்குப் போக, அதன் எண் இதற்கு வந்தது. ரேடியோவையும் கூரையில் ஏரியலையும் மாட்டி, கன்ட்ரோல் அறை 'தெளிவாகக் கேட்கிறது' என்று சொன்ன பிறகுதான் வண்டி வேலைக்கு இறங்கலாம். கன்ட்ரோல் அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள் ரேடியோக்காரரின் மனைவி. வண்டியை ஓட்டப்போகிறவன் அவளுடைய தம்பி. ஆக, வீட்டு விவகாரம்தான். என்ன, எல்லா நிலையத்துக்கும் கேட்கும், அவ்வளவே.

போன மாதம் ஒரு கிடங்கு பற்றி எரிந்தபோது பழைய வண்டியின் ரேடியோ நடுவில் செத்துப்போனது. "நாலாம் வண்டி, நாலாம் வண்டி" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதிலே இல்லை. தம்பி முகமெல்லாம் கரியோடு நேரில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அன்றைக்கு வீட்டில் புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"புது வண்டியில ரேடியோ அரைகுறையா இருந்துச்சுன்னா நான் பாஸ் போட மாட்டேன். என் வீட்டுக்காரர்னும் பார்க்க மாட்டேன்."

"போடாதே" என்று அவர் சிரித்தார். ஏரியலைக் கரைத்துக் குடித்தவர், சிரிக்கத்தானே செய்வார்?

கூரை நடுவில் டிரில்லை வைத்தார். வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. வழக்கமாகச் சுருள் சுருளாக இரும்புச் சீவல் வரும். இன்றைக்கு வெள்ளை வெளேரென்று மாவு கொட்டியது. 'பெயின்டுக்கு அடியில நல்லா பட்டி பார்த்திருக்கான், கெட்டிக்காரன்' என்று வண்டி கட்டியவனை மனதுக்குள் மெச்சினார். மெச்சிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார். மாவு சட்டைக்குள் இறங்கியிருந்தது.

ஏரியலை மாட்டி, வயரை இழுத்து, மைக்கை அழுத்தினார். சைரன் 'குய்ங்' என்றது. அதைக் கவனிக்காததுபோல் பேசினார்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், நாலாம் வண்டி. கேக்குதா? ஓவர்."

"நாலாம் வண்டி, கர்ருபுர்ருன்னுதான் கேக்குது. திரும்பச் சொல்லுங்க, ஓவர்."

'குய்ங்.' "ஏரியல் கூரையில நல்லா உட்கார்ந்திருக்கு, ஓவர்."

"கூரையில யாரு உட்கார்ந்திருக்கா? ஓவர்."

'குய்ங்.' "ஏரியல்! ஏரியல்!"

"ஏழு பேரா? முதல்ல எறங்கச் சொல்லுங்க, புது வண்டி. ஓவர்."

வாசலில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

ரேடியோக்காரர் வயரை மாற்றினார். வயரின் முனையை மாற்றினார். ரேடியோவையே மாற்றினார். சைரன் மட்டும் மாறாமல் 'குய்ங்' என்றது. கழுத்தில் தொடங்கிய அரிப்பு முதுகைக் கடந்து, கை எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நிலைய அதிகாரி கையில் கிளாசோடு வந்தார். "ரேடியோக்காரரே, இது எனக்கு நாலாவது டீ. வண்டி எப்போ பேசும்?"

"பேசுதுங்க. அங்கே கேக்க மாட்டேங்குது."

"விடுங்க மாமா" என்றான் தம்பி. "கையில வச்சுக்கற சின்ன செட் இருக்குல்ல, இன்னைக்கு அதை வச்சு ஓட்டிக்கறேன்."

அதிகாரி இதைப் போனில் கன்ட்ரோலுக்குச் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த நொடி ரேடியோக்காரரின் போன் அடித்தது.

"என்னங்க, சின்ன செட்டாமே? அது கிடங்குச் சுவரைத் தாண்டுமா? மறுபடியும் நான் காத்தைக் கூப்பிட்டுக்கிட்டு உட்காரணுமா?"

"இங்கே எல்லாம் சரியா இருக்கு. உன் காதுலதான் கோளாறு."

"என் காதுலயா? மத்த வண்டியெல்லாம் கணீர்னு கேக்குது. நீங்க பேசினா மட்டும் எனக்குக் காது அடைச்சுக்குமா? நீங்க எப்பவுமே இப்படித்தான். தரையில கால் பாவாம நடந்தா இப்படித்தான் ஆகும்."

அவர் போனை வைத்தார். சரியாகச் சொன்னால், அவள் முதலில் வைத்தாள். இவர் பிறகு வைத்தார்.

பெட்டியின் அடியில் காந்த அடி வைத்த பழைய ஏரியல் ஒன்று கிடந்தது. அதை வைத்துப் பார்த்தால் கோளாறு யாருடையது என்று தெரிந்துவிடும். ஏணியில் ஏறிக் கூரையில் வைத்தார். கையை எடுத்தார். ஏரியல் ஒரு கணம் யோசித்தது. பிறகு சறுக்கி, முன் கண்ணாடியில் முட்டி, அதிகாரியின் காலடியில் விழுந்தது.

"காந்தம் எப்படி மாமா ஒட்டும்?" என்றான் தம்பி. "கூரை ஃபைபராச்சே."

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு வச்சீங்க?"

"உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

தம்பி சிரிக்காமல் அவர் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டான். அந்த மரியாதைதான் அவரை அதிகமாகச் சுட்டது.

யாரும் பார்க்காதபோது கதவைத் தட்டினார்: 'டங்.' கூரையைத் தட்டினார்: 'டொக்.' தன் மண்டையைத் தட்டினாலும் இதே சத்தம்தான் வரும் என்று தோன்றியது. தட்டிப் பார்க்கவில்லை.

தரையில் கால் பாவாமல். அவள் சொன்னது ஏரியலுக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. மேலே நிற்கிற கம்பி பாதி ஏரியல்தான். அதன் காலடியில் விரிந்திருக்கிற உலோகம் மீதிப் பாதி. அதுதான் கம்பிக்குத் தரை. இரண்டும் சேர்ந்தால்தான் குரல் வெளியே போகும். இரும்புக் கூரையில் அந்தத் தரை கேட்காமலே கிடைத்துவிடும். இத்தனை வருஷமாகக் கூரைகள் செய்த பாதி வேலைக்கும் சேர்த்து அவரே பெயர் வாங்கியிருக்கிறார்! இங்கே தரை இல்லை. வெளியே போக வழியில்லாத குரல் வண்டிக்குள்ளேயே சுற்றிவந்து சைரனைக் கிள்ளியிருக்கிறது.

ஒரு பெரிய தகடு வேண்டும். இறங்கித் திரும்பினால், நிலையத்துச் சமையலறைச் சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது அண்டா மூடி. அலுமினியம். இரண்டு முழ அகலம். நட்ட நடுவில் பிடி. பிடியைக் கழற்றினால் நட்ட நடுவில் ஓட்டை.

"மூடியா?" என்றார் சமையல்காரர். "ஏன், வண்டி கொதிக்குதா?"

"அவசரம் அண்ணே. உங்க அண்டாவை ஒரு தட்டு வச்சு மூடிக்குங்க."

"ரெண்டு முழத்துக்குத் தட்டா? உங்க வீட்டுல அதுலதான் சாப்பிடறீங்களா?"

"அண்ணே, இது ஓடலைன்னா இவன் அக்கா என்னைச் சும்மா விடமாட்டா."

சமையல்காரர் தம்பியைப் பார்த்தார். கிடங்குத் தீ அன்றைக்கு இவனுக்காகச் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அவர். "எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வேற மூடி வரணும். இல்லேன்னா கூரையில ஏறிப் பிடுங்கிக்குவேன்."

உட்கூரையைக் கழற்றி, மூடியின் விளிம்பைத் தட்டித் தட்டையாக்கி, ஓட்டையைச் சுற்றி அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். தம்பி அதை வண்டிக்குள்ளிருந்து கூரையோடு சேர்த்துத் தலையால் முட்டுக்கொடுத்து நின்றான்.

"மாமா, சீக்கிரம். நானே அண்டா மாதிரி நிக்கிறேன்."

"அசையாதே. உன் தலைக்கு இன்னைக்குத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு."

"உங்க தலைக்கு எப்போ மாமா வரும்?"

ஏரியலின் அடி, மூடியைக் கவ்விப் பிடிக்கும்படி முறுக்கினார். பிறகு வண்டியை மேம்பாலத்துக்கு அடியில், எந்த வண்டியின் குரலும் இளைத்துப்போகிற பள்ளத்துக்கு ஓட்டச் சொன்னார். மைக்கைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் கைக்குக் கழுத்தைச் சொறிகிற வேலை இருந்தது.

தம்பி அழுத்தினான். சைரன் வாயைத் திறக்கவில்லை.

"கன்ட்ரோல்... அக்கா, கேக்குதா? ஓவர்."

ஒன்றும் வரவில்லை. பாலத்தின் மேல் ஒரு லாரி போய் முடிந்தது. ரேடியோக்காரர் சொறிவதை நிறுத்தினார்.

"நாலாம் வண்டி, கன்ட்ரோல்ல அக்கான்னு யாரும் கிடையாது. ஒழுங்கா கூப்பிடுங்க, ஓவர்." கொஞ்சம் இடைவெளி. "கேக்குதுடா. பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது."

ஓவர் சொல்ல மறந்துவிட்டாள். தம்பி கண்ணாடி வழியாகப் பாலத்துத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோக்காரர் அவனிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"கன்ட்ரோல், அப்போ பாஸ்தானே? ஓவர்."

"பாஸ். காலையில இருந்த கோளாறுக்குக் காரணம் சொல்லுங்க, ஓவர்."

"தொழில்நுட்பக் கோளாறு, ஓவர்."

"தெளிவா இல்ல. திரும்பச் சொல்லுங்க, ஓவர்."

"தெளிவா இல்லையா? இப்போதானே பக்கத்துல..." சட்டென்று புரிந்தது. பெருமூச்சு விட்டார். "கூரை ஃபைபர்னு பார்க்காம ஏரியலை மாட்டிட்டேன். ஓவர்."

"யாரு மாட்டினது? சரியா கேக்கல, ஓவர்."

"நான். நான்தான். உன் காதுல கோளாறு இல்ல. ஓவர்."

"தெளிவா கேட்டுச்சு, நாலாம் வண்டி."

அவர் மைக்கைக் கொக்கியில் மாட்டப் போனார். அதற்குள் ரேடியோ கரகரத்தது.

"கன்ட்ரோல், ரெண்டாம் வண்டி. இங்கேயும் தெளிவா கேட்டுச்சு, ஓவர்."

"மூணாம் வண்டி. கணீர்னு கேட்டுச்சு, ஓவர்."

"கன்ட்ரோல், நிலையத்துல இருந்து பேசறோம்" என்றது நிலைய அதிகாரியின் குரல். "இங்கே சமையல்காரரும் கேட்டுட்டார். மூடி எப்போ வரும்னு கேக்கறார். ஓவர்."