ஒஸ்தா மாமி

நான் வாயால் பிழைப்பவள். கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில், தமிழ்த் தாய்மாருக்கும் பிரெஞ்சு நேர்ஸ்மாருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். இரண்டு பக்கமும் என்னைப் புகழ்வார்கள். அந்தப் புகழ் எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் றிஸ்மியா வந்தாள். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண், இருபத்துநான்கு வயது. மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை அம்னா. தடுப்பூசி போட்டு முடிந்ததும், அடுத்த வாரம் பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். நேர்ஸ் சொலாஞ்ச் பேனாவைக் கீழே வைத்தாள். சில இடங்களில் பெண் குழந்தையின் உறுப்பை வெட்டும் வழக்கம் இருக்கிறது, கனடாவில் அது குற்றம், அதற்காகப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனாலும் குற்றம், யாராவது வற்புறுத்தினால் எங்களிடம் சொல்லுங்கள், உதவி செய்வோம் என்று நிதானமாக, நீளமாகச் சொன்னாள்.

எனக்குக் கூசியது. அந்த உறுப்புக்கு எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களெல்லாம் தெருச்சண்டையில் திட்டுவதற்கானவை. அதோடு, எங்கேயோ நடப்பதை எங்கள் தலையில் கட்டுகிறாளே என்று எரிச்சலும் வந்தது.

"ஊரில பிள்ளைக்கு ஏதும் சடங்கு செய்வீங்களோ எண்டு கேக்கிறா," என்றேன்.

றிஸ்மியா நேர்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாப்பதாம் நாள் தவறிப் போச்சக்கா. மாமியார் ஒஸ்தா மாமிக்கிட்டச் சொல்லி வச்சிருக்காங்க. அவ பாத்துக்குவா."

ஊரில் ஒஸ்தா என்று ஒரு மாமி இருக்கிறார், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று பிரெஞ்சில் சொன்னேன். சொலாஞ்சின் முகம் மலர்ந்தது. "மெர்சி, நிரஞ்சனி," என்றாள்.

இரண்டு ஞாயிறு கழிந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "ஒஸ்தா எண்டும் ஆக்கள் பேர் வைப்பினமோ?" என்று என் தோழி அக்னெஸிடம் பகிடியாகக் கேட்டேன். மன்னாரில் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் அவள்.

அவள் சிரிக்கவில்லை. "அது பேரில்லையடி. பொம்பிளைப் பிள்ளையளுக்கு நாப்பதாம் நாளில வெட்டுறவ. எல்லா வீட்டிலயும் இல்லை. செய்யிற வீட்டிலயும் வெளியில கதைக்க மாட்டினம்."

எங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எனக்கு ஐந்து வயது. அதன் பிறகு ஒரு முஸ்லிம் வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை. எல்லாருக்கும் ஒரே தமிழ் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

திங்கள் காலை சொலாஞ்சிடம் சொன்னேன். அவள் உடனே றிஸ்மியாவுக்கு ஃபோன் எடுத்தாள். யாரும் எடுக்கவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அறிவித்தாள். ஆனால் பிள்ளை விமானம் ஏறி ஒரு வாரமாகிவிட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே மாதம் அடுத்த ஊசிக்கு றிஸ்மியா வந்தாள். சொலாஞ்ச் நேரடியாகவே கேட்டாள். இம்முறை நான் அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னேன். என் வாய் வெந்துபோகவில்லை.

"செஞ்சாச்சு," என்றாள் றிஸ்மியா. குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "அக்கா, அண்டைக்கு இவ நிறையக் கதைச்சா. நீங்க கொஞ்சமாத்தான் சொன்னீங்க. மிச்சம் என்ன?"

சொன்னேன். குற்றம் என்றது, ஊருக்குக் கொண்டுபோனாலும் குற்றம் என்றது, உதவி செய்வோம் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எனக்கு விருப்பமே இல்லக்கா. மாமியார்கிட்ட வேணாமெண்டு சொல்ல எனக்கு வாயில்ல. கனடாச் சட்டம் விடாது, பொலிஸ் புடிக்குமெண்டு சொல்லியிருந்தா அவங்க பயந்திருப்பாங்க. ஆராச்சும் தடுப்பாங்களோண்டுதான் ஒஸ்தா மாமிட பேச்சையே எடுத்தன். நீங்களும் தமிழ்தானே, விளங்குமெண்டு நெனச்சன்."

அம்னா என் கையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப புள்ளையப் புடுங்கிருவாங்களா?" என்று றிஸ்மியா கேட்டாள்.

தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

"என்ன சொல்கிறாள்?" என்றாள் சொலாஞ்ச்.

றிஸ்மியா என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இம்முறை ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். சொலாஞ்ச் எழுதத் தொடங்கினாள்.