கண்ணபிரான் வீடு தெற்கே போன வருடங்கள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் கண்ணபிரானின் வீடு பக்கத்து மனையில் நின்றது. கோவில்பட்டியை ஒட்டிய தங்கத்தாய் நகரில் 2011-ஆம் வருடம் நடந்தது இது. சுவரில் கீறல் விழவில்லை. அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை. முன்பு வீடு இருந்த இடத்தில் கரிமண் ஈரமாக மூடிக்கொண்டு கிடந்தது. மின்கம்பத்திலிருந்து வந்த ஒயர் மட்டும் விறைத்திருந்தது. வாசல் தெளிக்க வந்த அவர் மனைவி தீபலட்சுமி, எதிரே இருக்க வேண்டிய தெருவிளக்கு இல்லாததைப் பார்த்து, வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கணவரை எழுப்பினாள்.

தங்கத்தாய் நகர் முன்பு பருத்தியும் கம்பும் விளைந்த கரிசல். மனை போட்டு விற்றவர் தன் தாயாரின் பெயரை வைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு, வளைவு ஒன்றும் கட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில் என்று நோட்டீஸ் சொன்னது. நடந்து பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரிகளும், ரயில்வேக்காரர்களும், பிள்ளைகளின் படிப்புக்காக விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்க் காட்டை விற்றுவிட்டு வந்தவர்களும் குடியேறினார்கள். கோடையில் மண் வெடிக்கும். வெடிப்பில் செருப்பு விழுந்தால் போனதுதான். மழைக்கு அதே மண் உப்பிக்கொண்டு கதவுகளைச் சாத்த விடாது. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அது நல்ல வாரம்.

கண்ணபிரான் கம்பி, சிமெண்ட் வியாபாரி. நகரிலேயே ஆழமான அஸ்திவாரம் அவர் வீட்டுக்குத்தான். அப்பா இறந்தபின் தங்கை முத்துச்செல்வியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். அவள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த பிரின்ஸ்டனைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் ஆசீர்வாதம் வாங்க வந்தவளைக் கடை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் கேட்கச் சொன்னார்: “உன் வாசப்படியில என் காலு படாதுட்டி. எவன் செத்தாலும் படாது.” வியாபாரத்திலும் அவர் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. சில வருடம் கழித்து பிரின்ஸ்டன் தம்பதி வாங்கிய மனை, தங்கத்தாய் நகரின் தெற்குக் கோடியில், தெரு முட்டி நிற்கும் இடத்தில் அமைந்தது. வடக்குக் கோடியில் அண்ணன் வீடு இருப்பது பத்திரம் முடிந்த பிறகே அவளுக்குத் தெரிந்தது.

முதல் வருடம் நகர்ந்த வீடு பிறகு ஒவ்வொரு மழைக்கும் நகர்ந்தது. இன்ஜினியர் வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்து, கரிசலில் இது உண்டு என்றும், இவ்வளவு இல்லை என்றும் சொன்னார். கண்ணபிரான் நாலு மூலையிலும் கான்கிரீட் தூண் இறக்கினார்; தூண்களும் சேர்ந்து நடந்தன. கயத்தாறில் வாடகை வீடு பார்த்தார், தீபலட்சுமி வரவில்லை. காலி மனைகளை வீடு தாண்டிப் போனது. ஓய்வுபெற்ற வாத்தியார் நேசமணியின் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு கிளை ஒடியாமல் போனது. பிறகு தெருவுக்குள் இறங்கியது. வீட்டின் முன்வாசல் தெற்கே பார்த்தது. அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“தங்கச்சி வீட்டுக்குப் போறீங்களோ அண்ணாச்சி?” என்று நேசமணி ஒருமுறை கேட்டேவிட்டார்.

“நான் போகலை சார். வீடுதான் போவுது” என்றார் கண்ணபிரான்.

அடுத்து மழை பொய்த்தது. முத்துச்செல்வியின் கேட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வீடு தெருவில் நின்றுபோனது. காலையில் அவள் கோலம் போடுவது அண்ணனின் ஜன்னலில் தெரியும். அவர் ஜன்னலைச் சாத்தமாட்டார், பேசவும்மாட்டார். அந்தச் சித்திரையில், வேலை முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த பிரின்ஸ்டன் லாரி மோதி இறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் மதியம் வரும், சாயங்காலம் அடக்கம் என்று மறுநாள் காலையில் தகவல் வந்தது. தீபலட்சுமி உடனே மதினியாக ஓடினாள். கண்ணபிரான் தன் வாசலில் நின்றார். ஒரு காலைப் படியில் வைப்பார், எடுப்பார். அங்கிருந்து முத்துச்செல்வி அழுவது கேட்டது. அவள் சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் அழுததும் அதே குரல்தான்.

பிறகு அவர் தண்ணீர் லாரிக்காரர்களுக்குப் போன் செய்தார். கட்டட வேலைக்குத் தண்ணீர் அடிக்கிறவர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். முதல் லாரித் தண்ணீரை வெடிப்புகள் சத்தமில்லாமல் குடித்தன. இரண்டாவதையும் குடித்தன. “குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல என்ன செய்யுதீங்க?” என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். கண்ணபிரான் ஹோஸைப் பிடித்தபடி, “வீடு நகரணும் தாயி. நான் போகக் கூடாது, வீடு போகணும்” என்றார். அந்த மனுஷர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் திரும்பிப் போய் ஒரு குடத்தோடு வந்தாள். நேசமணி தன் தொட்டியைத் திறந்துவிட்டார். தெருவே குடமும் வாளியுமாக வந்து அஸ்திவாரத்தைச் சுற்றி ஊற்றியது. மூன்று மணி சுமாருக்கு மண் உப்பியது. வீடு கிளம்பியது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நாற்காலிகளை ஓரமாக எடுத்துப் போட்டு வழிவிட்டார்கள். அது கேட்டை மெதுவாகச் சாய்த்துவிட்டு, தன் படி முத்துச்செல்வியின் படியைத் தொட்டதும் நின்றது.

அவள் வெளியே வந்தாள். “வந்துட்டியாண்ணே” என்றாள்.

“வந்துட்டேம்ட்டி” என்று கண்ணபிரான் தன் வாசல் நிலைக்குள் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது வழி இல்லை என்பது தெரிந்தது. மதியம் உடல் வந்த இடைவெளியையும் அடைத்துக்கொண்டு வீடு தெருவில் நின்றது. இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். போதகர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணபிரான் சொன்னார்: “மாப்ளைய நம்ம வீட்டு வழியாக் கொண்டு வாங்க.” அந்தச் சொல்லை அவர் அன்றைக்குத்தான் முதலில் சொன்னார். ஹாலில் இருந்த சோபாவை அவரே இழுத்துப் போட்டார். சாமி படங்களுக்குக் கீழே பெட்டியை இறக்கி வைத்து, போதகர் ஒரு ஜெபம் செய்தார். பின்வாசல் வழியாகப் பெட்டி தெருவுக்கு இறங்கியபோது முன்பக்கத்து ஒரு மூலை கண்ணபிரானின் தோளில் இருந்தது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவர் தோள் மாற்றவில்லை.

வீடு அதற்குப் பிறகு நகரவில்லை. தெருவின் நீளத்தை நகராட்சி குறைத்து எழுதிக்கொண்டது. போன கார்த்திகையில் நேசமணியின் வீடு மழைக்குள் கிழக்கே திரும்பி நடக்க ஆரம்பித்தது. அவருடைய மகள் சபிதா கிழக்குத் தெருவில் புருஷன் வீட்டோடு மனஸ்தாபப்பட்டு, அப்பா வீட்டுக்கும் வராமல் தனியாக இருக்கிறாள். காலையில் கூடியவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்கூல் வேன் திரும்ப இடம் இருக்குமா என்று மட்டும் ஒருவர் கேட்டார். இருக்கும் என்றார் நேசமணி. வேனும் வந்து திரும்பிப் போனது.