எச்சில் ஊறக் கூடாது

என் வீட்டுக்காரர் கொஞ்சம் எச்சில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு இத்தனை சட்டம்.

"துப்பக் கூடாதுங்க. தலையைக் குனிஞ்சு உக்காருங்க, தானா ஒழுகணும். பேசக் கூடாது, சாப்பாட்டை நெனைக்கவே கூடாது" என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண்.

ரத்தம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. வாய்க்குள் அழற்சி இருந்தால் அதன் அடையாளம் ரத்தத்திலும் எச்சிலிலும் ஏறுமாம். அவர் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருப்பது புற்றாகத் திரும்புமுன் எச்சிலே காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வாய் வேண்டுமென்று என்னையும் எதிரே உட்காரவைத்தார்கள். என் வாயை நல்ல வாய் என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

லாரி ஓட்டுகிறவர். தூக்கம் வராமலிருக்கப் பாக்கு போட ஆரம்பித்து, பிறகு பாக்குக்காகவே விழித்திருந்தார். இப்போது விட்டுவிட்டார். ஆனால் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. உப்பு பட்டாலே எரியும். ஆறவைத்த கஞ்சியை அடுப்படியில் நின்றபடி, எனக்கு முதுகைக் காட்டிக் குடித்துவிட்டுப் போய்விடுவார். முன்பெல்லாம் என் தட்டில்தான் கை வைப்பார். ‘உங்களுக்குன்னு ஒரு தட்டு கெடையாதா?’ என்று நான் கத்தாத நாளில்லை. அப்படிக் கத்துவதற்கு ஏங்கிக் கிடக்கிறேன். இப்போது தட்டு முழுக்க எனக்குத்தான். ஒரு வாய் இறங்க மாட்டேன் என்கிறது.

பாக்கை விட்டபின் எடுக்கும் முதல் எச்சில் இது. அந்த அழற்சி அளவு இறங்கியிருக்க வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

ஆளுக்கொரு குழாயை உதட்டில் வைத்துக் குனிந்தோம். எத்தனை நாளாயிற்று இப்படி எதிரெதிரே உட்கார்ந்து! அவருக்கு ஒரு சொட்டும் வரவில்லை. மெல்லக் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குழாயில் மளமளவென்று ஏறியது.

"அட, நெறைஞ்சிடுச்சே!" என்று அந்தப் பெண் மூடியைத் தேடினாள்.

"அதைக் கொட்டிடும்மா" என்றார் அவர், பாதி திறந்த வாயால். "நெனைச்சிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊறுன எச்சில்ல தண்ணி ஜாஸ்திங்க. அளவைக் கொறைச்சுக் காட்டும். அதான் அவ்ளோ சொன்னேன்ல?"

குறைத்துக் காட்டினால் காட்டட்டுமே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா இந்த மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்னத்தை நெனைச்சீங்க?"

"உன் தட்டை. ஓரத்துல ஒரு பச்சமொளகா வச்சிருப்பியே." நிறுத்தி, எச்சிலை விழுங்கினார். "நெசமாவே கொறையட்டும். அப்புறம் உக்காந்து திங்கலாம்."

முதுகைக் காட்டி நின்றாரே, அத்தனை நாளும் அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று என்றல்லவா நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் என் பக்கம் கையை நீட்டினாள். "சரி, உங்களுதாச்சும் குடுங்க."

பார்த்தேன். விளிம்புவரை நிறைந்திருந்தது.

"இதையும் கொட்டிடும்மா" என்றேன்.