கறை படாத கார்டு

பெட்ரோல் செலவு என்னுடையது என்று மெர்ல் சொன்னபோதுதான் ரோசலினுக்கு முதல் சந்தேகம் வந்தது.

இருவரும் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும், பழைய பேஸ்பால் கார்டு விற்கும் சின்னச் சந்தைக்கு வருஷக்கணக்காகச் சேர்ந்தே போகிறவர்கள். இத்தனை காலத்தில் மெர்ல் அவளுக்கு ஒரு காபி வாங்கித் தந்ததில்லை.

"கிளீவ்லாந்து போறதுக்கு நீ எதுக்குப் பெட்ரோல் போடணும்?"

"ஏன், மனுஷன் திருந்தவே கூடாதா?"

"நீ திருந்துற ஆளு இல்ல. விஷயத்தைச் சொல்லு."

"வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற பெரிய சந்தை, ரோஸ். நாட்டுல இருக்கற அத்தனை வியாபாரியும் வர்றான். நீதான் வண்டி ஓட்டணும், அவ்வளவுதான். இன்னொண்ணு..." அவன் குரலைத் தாழ்த்தினான். "பர்னெல்னு ஒருத்தர்கிட்ட லூ டார்னெல் கார்டு இருக்காம்."

ரோசலின் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரியே தன் கார்டு ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஹார்ட்விக் என்ற இறைச்சிக் கம்பெனி தன் ஹாட் டாக் பாக்கெட்டுகளுக்குள் உள்ளூர் பேஸ்பால் அணி வீரர்களின் கார்டுகளைப் போட்டுக் கொடுத்தது. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கார்டு, சாசேஜுக்குப் பக்கத்திலேயே. அதனால் ஹார்ட்விக் கார்டு என்றால் அதில் கொழுப்புக் கறை இருக்கும். ஒரு மூலையாவது எண்ணெய் குடித்து மங்கிய கண்ணாடி மாதிரி இருக்கும். மற்ற சேகரிப்பாளர்கள் பளபளப்பான கார்டுக்கு அலைவார்கள். ரோசலின் மட்டும் கறையைத் தேடுவாள். போலி அடிப்பவனுக்குப் படம் வரும், எழுத்து வரும். எழுபது வருஷத்துப் பன்றிக்கொழுப்பு வராது என்று சொல்வாள். ஹார்ட்விக் கார்டில் சந்தேகம் வந்தால் முகம் தெரியாதவர்கள்கூட அவளுக்குத்தான் எழுதிக் கேட்பார்கள்.

அந்த அணியில் எல்லாரும் அவளிடம் கார்டாக இருந்தார்கள், பந்து பிடிக்கும் கேட்சர் டார்னெலைத் தவிர. சீசன் தொடங்கியதுமே அவனை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனியும் அவன் கார்டை நிறுத்திவிட்டது. எப்படியோ சில பாக்கெட்டுகளில் தப்பிப் போயிருக்கும் என்று சேகரிப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவளுடைய ஆல்பத்தில் அவனுக்கான இடம், தெரு முழுக்க விளக்கு எரியும்போது ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டாக இருப்பது போல இருந்தது.

பர்னெலுக்குச் செய்தி அனுப்பினாள். முன்பக்கப் படம் ஒன்று வந்தது, மங்கலாக. பின்பக்கம் கேட்டாள். "நேர்ல வந்து பாருங்க மேடம்" என்று பதில். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்திடமிருந்தாம். இந்தக் கதையை ரோசலின் முன்பே பல வாய்களில் கேட்டிருந்தாள். கார்டு உலகத்துத் திருடன் ஒவ்வொருவனுக்கும் அச்சகத்தில் ஒரு தாத்தா இருந்தே தீருவார்.

போகலாமா வேண்டாமா என்று ஜூலை முழுக்க மனம் அலைந்தது. நுழைவுக் கட்டணம், பார்க்கிங் கட்டணம், கூட்டம். அதைவிட மோசம், ஒவ்வொரு மேசையிலும் அவளை நிமிர்ந்து பார்த்து, "உங்க வீட்டுக்காரர் சேர்த்ததா? விக்கப் போறீங்களா?" என்று கேட்கப்போகிற ஆண்கள். இதற்கு நடுவே மெர்ல் தினமும் போன் செய்தான். பர்னெல் இவனுக்கு ஏதாவது கமிஷன் தருகிறானோ? இல்லாவிட்டால் இவனுக்கு ஏன் இந்தத் துடிப்பு?

கடைசியில், போலி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள்.

அரங்கம் விமானக் கொட்டகை மாதிரி இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள், முதுகில் பை மாட்டிய ஆண்கள். பர்னெல் மூலையில் கடை போட்டிருந்தார். நரைத்த குடுமி, அவசரமே இல்லாத கைகள்.

"டார்னெல்" என்றாள்.

"ஓ, பின்பக்கம் கேட்ட மேடமா?" அவர் உறையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். "மெதுவா பாருங்க."

ரோசலின் பார்த்தாள். அட்டையின் தடிமன் சரி. நீல மை சரி. பின்பக்கத்தில் கம்பெனியின் பன்றி முத்திரை, அச்சில் உடைந்துபோன அதன் வால் உட்பட, சரி. வெளிச்சத்தில் சாய்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வெறும் காகித வாசனை. நான்கு மூலையும் பால் மாதிரி வெள்ளை.

"கறை எங்கே?"

பர்னெல் புருவத்தை உயர்த்தினார். "இத்தனை வருஷமா கடை போடறேன். கறை இருக்குன்னு சண்டை போட்டவங்கள பாத்திருக்கேன். கறை இல்லன்னு சண்டைக்கு வந்த முதல் ஆளு நீங்கதான்."

"ஹாட் டாக் பாக்கெட்ல கிடந்த கார்டு இவ்வளவு சுத்தமா இருக்காது. இது போலி."

"அப்ப வெச்சிட்டுப் போங்க மேடம். நான் ஒண்ணும் கையப் பிடிச்சு இழுக்கல."

அவள் வைத்தாள். பின்னால் நின்ற மெர்லை இரண்டு வரிசை தள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு எவ்வளவு தர்றான்?"

"யாரு?"

"நடிக்காத. பெட்ரோல் போடற, தினம் போன் பண்ற. என்னைக் கூட்டிட்டு வந்தா உனக்கு என்ன லாபம்?"

மெர்ல் சட்டைப்பையிலிருந்து அன்று காலை வாங்கிய கார்டு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுல மூலை மடிஞ்சிருக்கா, பாத்துச் சொல்லு."

"நல்லாவே மடிஞ்சிருக்கு. உனக்குத் தெரியலையா?"

"தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை. நெடுஞ்சாலைல வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தனியா வந்தா எவன் எதைத் தலைல கட்டினாலும் வாங்கிட்டு வருவேன். கூட ஒரு ஜோடிக் கண்ணு வேணும்னு கேக்க வெக்கமா இருந்துச்சு."

"லூசு" என்றாள் ரோசலின். குரல் இறங்கிவிட்டது. "இங்கேயே உக்காரு. சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வர்றேன்."

உணவுக் கடையில் ஹாட் டாக் மட்டும்தான் மிச்சம் இருந்தது. கடைக்காரப் பெண் சாசேஜை ரொட்டியில் வைத்துக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றிய கணமே காகிதத்தில் எண்ணெய் பூத்தது. ரோசலின் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இன்னும் பயன்படுத்தாத காகிதங்கள் அடுக்காகக் கிடந்தன, ஒரு பொட்டு கூட இல்லாமல்.

டார்னெல் கார்டை நிறுத்திவிட்டார்கள். சில பாக்கெட்டுகளில் தப்பிப் போயிருக்கும் என்பது வெறும் பேச்சு. ஒரு பாக்கெட்டில்கூடப் போகவில்லை என்றால்? அச்சகத்திலேயே தங்கிவிட்ட கார்டில் கறை எப்படி வரும்? அதில் கறை இருந்தால்தானே அது போலி!

"மேடம், கடுகு வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ரோசலின் பணத்தை வைத்துவிட்டு, இரண்டு ஹாட் டாக்குகளையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

பர்னெலின் மேசையில், பிட்ஸ்பர்க் அணியின் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவர் கையில் டார்னெல்.

ஒருவர் கையில் கார்டு இருக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது. மீறியவரை எந்த மேசையிலும் மதிக்க மாட்டார்கள். ரோசலின் ஓரடி தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். பர்னெலும் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு கார்டுகளை அடுக்கினார்.

தொப்பிக்காரர் கார்டைத் திருப்பினார். சாய்த்தார். பிறகு, கடவுளே, முகர்ந்தார். மெல்லப் பக்கவாட்டில் திரும்பினார்.

"மேடம், உங்களுக்கு ஹார்ட்விக் கார்டு பத்தித் தெரியுமா?"

"கொஞ்சம்."

"எனக்கு என்னமோ உதைக்குது. ரொம்பச் சுத்தமா இல்ல?"

வாய்க்குள் பதில் தயாராக இருந்தது. ஆமாம், ரொம்பச் சுத்தம்தான். அவ்வளவு சொன்னால் போதும். அவர் வைத்துவிட்டுப் போவார், இவள் எடுத்துக்கொள்வாள். காலையிலிருந்து, ஜூலையிலிருந்து, ஒவ்வொருத்தரும் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தவளுக்கு, ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"சுத்தமாத்தான் இருக்கணும்" என்றாள். "இந்தக் கார்டு பாக்கெட்டுக்குள்ள போகவே இல்ல. அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. கறை இருந்தாத்தான் சந்தேகப்படணும். இது அசல்."

தொப்பிக்காரர் அவளைப் பார்த்தார். பர்னெலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். முகம் மெல்ல இறுகியது.

"நல்லா ஜோடி சேர்ந்திருக்கீங்க" என்றார். "ஒருத்தர் கடை, ஒருத்தர் சாட்சி. போன வருஷமும் இப்படித்தான் ஒரு அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க."

"ஐயோ, நான் இவருக்கு யாருமே இல்ல..."

"சரி, சரி." கார்டைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு அவர் கூட்டத்தில் கலந்தார்.

ரோசலினின் கை தானாக நீண்டது. அதற்குள் பர்னெலின் விரல்கள் கார்டின் மேல் இருந்தன.

"ஒரு நிமிஷம் மேடம். கொஞ்ச நேரம் முன்னாடி இது போலின்னு சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப அசல்னு சத்தியம் பண்றீங்க. மூச்சு வாங்க ஓடி வந்திருக்கீங்க." அவர் கார்டைத் தூக்கி, அன்றுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். "பாக்கெட்டுக்குள்ளயே போகலையா? அப்ப உலகத்துல இது எத்தனை இருக்கும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க போட்ட விலைக்கே வாங்கிக்கறேன். பேரம் பேசல."

பேரம் பேசல என்று சொன்னதுதான் தப்பு. அந்தச் சந்தையில் அப்படிச் சொன்னவர் எவரும் இல்லை. பர்னெலின் கண்கள் சுருங்கின. விலைச்சீட்டைப் பிய்த்து எடுத்தார். கார்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இன்னிக்கு விக்கல மேடம். நாலு பேர்கிட்ட விசாரிக்கறேன். அடுத்த வருஷம் வாங்க."

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் இருக்கும் சாண்டஸ்கி ஊரைத் தாண்டியதும் மெர்ல் ஆரம்பித்தான்.

"'ஆமா, ரொம்பச் சுத்தம்'னு சொல்லியிருந்தா போதும் ரோஸ். அது பொய்கூட இல்ல."

"தெரியும்."

"வந்ததே தண்டம், இல்ல?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வெள்ளை மூலைகள் கண்ணுக்குள் இன்னும் நின்றன. இத்தனை நாள் டார்னெல் ஒரு வதந்தி. இப்போது அவனுக்கு மூக்கு இருக்கிறது, கோணலாகப் போட்ட தொப்பி இருக்கிறது, எடை இருக்கிறது.

"அந்த ஆளு நாலு பேர விசாரிக்கப் போறாரே," என்றாள், "யாரை விசாரிப்பாரு? ஹார்ட்விக் கார்டுன்னு யாரைக் கேட்டாலும் என் பேரைத்தான் சொல்வாங்க. போலின்னு சொன்னா மலிவா கிடைக்கும். போலின்னு சொல்லவா, அசல்னு சொல்லவான்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

மெர்ல் திரும்பி அவளை உற்றுப் பார்த்தான். அவனுடைய புரைக் கண்களுக்கு அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"நீ என்ன சொல்வ?" என்று கேட்டான்.

"அடுத்த வருஷம் வந்தா தெரிஞ்சுக்குவ" என்றாள் ரோசலின்.