சாயம் ஏறிய கீல்கள்

தரணி கல்யாணம் பண்ணிக்கொண்டு போன மறுநாளிலிருந்து, பல்லடம் ரோட்டில் இருக்கும் அப்புசாமி வீட்டின் தலைவாசல் கதவு, கம்பெனிகளில் ஷிஃப்ட் விடும் நேரத்துக்குத் தானாகவே தாழ் விலக்கித் திறந்துகொண்டது. அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போவதும் வருவதும் போல இதுவும் ஒன்று. அப்புசாமியின் ஒரே மகளான தரணி, எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். அங்கேயே செக்கிங் சூப்பர்வைசராக இருந்த சாத்தான்குளத்துப் பையன் ஜெபக்குமாரை அவள் கட்டிக்கொண்டபோது, இனி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று அப்புசாமி சொல்லிவிட்டார். அதைக் கதவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கதவு திறக்கும்போதெல்லாம் அப்புசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ரோட்டைப் பார்ப்பார். யாரும் வந்திருக்க மாட்டார்கள். போய் அறைந்து சாத்திவிட்டு வந்து உட்காருவார். கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு காம்பவுண்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலைக் கீல்கள் மேல் தடிமனாக இழுத்துவிட்டார். பெயிண்ட் இறுகியதும் கதவு அசையவில்லை. வீட்டில் இருந்தவர்கள் சமையற்கட்டு வாசல் வழியாகப் போய் வந்தார்கள். பெயிண்ட் வெடித்ததும் கதவு மறுபடி திறந்தது. அடுத்து சில்வர், அப்புறம் காவி, கையில் கிடைத்த நிறமெல்லாம் ஏறியது. வருஷங்கள் போகப் போகக் கீல்கள் போண்டா மாதிரி உப்பிவிட்டன. வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்புசாமியின் மனைவி மயிலாத்தாள் மட்டும் அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து நிற்பாள். கதவு திறந்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். புதுப் பெயிண்ட் விழுந்த மாதங்களில் சோறு இறங்காது.

பனியன் யூனிட் நடத்தும் மகன் தமிழ்செல்வனுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர் வீட்டில் பெண் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைப் புதுப்பித்தார்கள். சுவருக்குப் பட்டி பார்த்து, தரைக்கு டைல்ஸ் போட்டு முடித்ததும், தமிழ்செல்வன் போனில் வீடியோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினான். பெண் பெயர் பிரியங்கா. எல்லாம் பிடித்திருந்தது, கீல்களைத் தவிர. "அது மட்டும் பாக்கறதுக்கு நல்லால்லீங்க. கருப்பு மேட் ஃபினிஷ் பண்ணிட்டா அம்சமா இருக்குமுங்க" என்றாள். புதுக் கீல் போட்டால் பழைய நிலைச்சட்டத்தில் ஸ்க்ரூ நிற்காது, இதையே மெருகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆசாரி சொன்னார். அப்புசாமியால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மயிலாத்தாளுக்குக் கீலும் டைல்ஸும் ஒரு பொருட்டில்லை. அவள் கவலை இணைச்சீர். கூறைச்சேலைக் கூடையோடு உடன்பிறந்தவள் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சீர் அது. "ஏனுங்க, பெத்த புள்ள ரெண்டு மைல்ல இருக்கறா. அவளையே கூப்புட்டா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "பங்காளி ஊட்டுப் புள்ள செய்யட்டும். அந்தப் பேச்ச உடு" என்றார் அப்புசாமி. அவள் விட்டுவிட்டாள், ஆனால் மனசு விடவில்லை.

வேறு ஊராக இருந்தால் கீல்களைப் பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். தமிழ்செல்வன் தன் யூனிட் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்கே கொண்டுபோனான். ஷேடு தப்பிய துணியை அங்கே காஸ்டிக் சோடாவில் போட்டு நிறத்தை உரித்துவிட்டு மறுபடி சாயம் ஏற்றுவார்கள். கீலுக்கும் அதுதானே வேலை என்று நினைத்தான். சாய மாஸ்டர் லிங்கசாமி இரும்பில் சாயம் ஏறாது என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. பச்சை, சில்வர், காவி எல்லாம் பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தன. பிறகு ஜெர்மனிக்குப் போகிற கருப்பு டி-ஷர்ட் துணியோடு சேர்த்து முக்கினார்கள். ஏறிவிட்டது. லிங்கசாமி வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார், ஒட்டவில்லை. துணியைவிடக் கீலில் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த லாட் துணியைப் பார்க்கப் போனார்.

கீல்களை மாட்டிய அன்று சாயங்காலம் கதவு அகலத் திறந்தது. திறந்தது திறந்ததுதான். அப்புசாமி தள்ளினார், பனியன் துணி மாதிரி இழுபட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. மகனின் யூனிட்டில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தார், கதவு மூட்டையை நகர்த்தியது. கடைசியில் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். சாயம் ஏறிய கீலில் எனாமல் நிற்காமல் புது டைல்ஸில் வழிந்தது. வீட்டில் கல்யாண நகை இருந்ததால், நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு கம்பெனி வேன் வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. தரணி இறங்கி, டிபன் பையோடு நடந்து வந்து வாசலில் நின்றாள். மயிலாத்தாள் அடுப்பை அணைக்காமலே முன்னறைக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்கப்பா, நெதமும் இந்த வழியாத்தானுங்க வேன்ல போறேன். கதவு தொறக்கும். அம்மாதான் எனக்காகத் தொறந்து வெக்கறாங்கன்னு நெனச்சுக்குவேன். எறங்கலாம்னு பாக்கறதுக்குள்ள நீங்க வந்து சாத்தீருவீங்க" என்றாள் தரணி. "நேத்து வேன் தாண்டற வரைக்கும் பாத்தனுங்க. நீங்க சாத்தலை. அதானுங்க இன்னைக்கு எறங்கீட்டேன்."

கதவு கெட்டுப்போய்விட்டது என்று அப்புசாமி சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அதைச் சொன்னால் மகள் அப்படியே திரும்பிப் போய்விடுவாள் என்று மயிலாத்தாளுக்குத் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புசாமி கீலைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஆமா கண்ணு. சாத்தலை" என்றார். எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார். "பாத்து வா சாமி. தரையில பெயிண்ட் ஈரமா இருக்குது."

இணைச்சீரைத் தரணிதான் செய்தாள். ஜெபக்குமார் பந்தியில் இலை போட்டான். கதவு இப்போதும் ஷிஃப்ட் விடும் நேரத்துக்குத் திறக்கிறது, வேன் தாண்டியதும் தானே சாத்திக்கொள்கிறது. கொசு வருகிறது என்று பிரியங்கா ஒரு வலைத் திரை வாங்கி மாட்டினாள். அந்த நேரத்துக்கு அதை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வது அப்புசாமியின் வேலை.